கடலைத் தைக்க மறந்தோம்

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேனே தவிர, கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அப்படிப்பட்ட என்னை எழுபதுகளில் ஒரு குப்பத்துப் பெண்கள் இரண்டு வருடம் ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள்.

பதினோராம் வகுப்பு முடித்து, தையலில் லோயர் பரீட்சை எழுதியிருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் மாதர் சங்கத்துக்குத் தையல் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கும், அதற்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். ரோட்டில் இறங்கி மணலில் கால் புதைய அரை மைல் நடக்க வேண்டும். சங்கம் என்பது ஓடு வேய்ந்த ஒரே அறை. அதில் இரண்டு மிதி மெஷின்கள். ஒன்று ஓடும், மற்றது அதற்கு உதிரிப் பாகம் கொடுக்கும்.

பெண்கள் மீன் விற்றுவிட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். நான் பாவாடைக்கு வெட்டச் சொல்லித் தருவேன். அவர்கள் கவனமாகக் கேட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்தபடி வெட்டுவார்கள். அவர்களில் ஒருத்தி, தலைக்கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை போய் மீன் விற்கிறவள், குரலாலேயே அறையை நிரப்புவாள். எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இன்னொருத்தி சுவர் ஓரத்தில் உட்காருவாள். புருஷன் கடலில் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் வலி, உட்காரும்போதும் எழும்போதும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். என்னைப் போலவே பேச்சு குறைவு. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் தைப்போம்.

அந்த வருடம் கோடைக்கு முன்னால் பட்டணத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர். பெண்கள் தினமும் எவ்வளவு தண்ணீர் தூக்குகிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கண்டு எழுத வந்திருந்தார். எந்நேரமும் கையில் நோட்டுப் புத்தகம் இருந்ததால் குப்பத்தில் அவருக்கு ‘எழுதுறம்மா’ என்று பெயர் ஆகிவிட்டது. அவர் வந்த நேரம் சரியான நேரம். அரசாங்கத்தில் குப்பத்துக்கு ஒரு போரிங் கொடுத்திருந்தார்கள், கையால் அடித்து இறைக்கிற பம்பு. ஊருக்கு ஒன்றே ஒன்று. ஒரு மாதத்துக்குள் இன்ஜினீயர் வந்து இடம் குறிக்கப் போகிறார். கோயில் வாசலில் போடுவது என்று ஊர்ப் பஞ்சாயத்தார் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

அதுவரை தண்ணீர் என்றால் ஊற்றுதான். மணலில் தோண்டிய பள்ளம். காலையில் ஊறியிருக்கும், வெயில் ஏறினால் கலங்கிப் போகும். அதனால் எல்லாரும் விடிகிற நேரத்தில்தான் குடம் எடுப்பார்கள். குப்பத்தின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு தெரு. தெருவுக்குத் தெற்கே வீடுகள். வடக்கே கோயிலும் வலை காயப்போடும் மேடும், அதற்கும் அப்பால் ஊற்றும். வீட்டிலிருந்து கிளம்பித் தெருவைத் தாண்டி வடக்கே போனால் தண்ணீர்.

எழுதுறம்மா நாலு பக்கக் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனார். எத்தனை குடம் என்று கேட்டால் எல்லாரும் நாலு குடம் என்றார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிட்டத்தான் என்றார்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டிலும் நாலு, இரண்டு பேர் இருக்கிற வீட்டிலும் நாலு. முதல் வீட்டுக்காரி நாலு என்று சொன்னதை மற்றவர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கு மேல் சொன்னால் பம்பைத் தன் வீட்டுப் பக்கம் கேட்டதாக ஆகிவிடுமாம். குறைத்துச் சொன்னால் சுத்தம் இல்லை என்பார்களாம். இதை எனக்குச் சொன்னது அக்கா.

ஒரு நாள் எழுதுறம்மா சலித்துப் போய்ச் சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தார். நோட்டை மூடிவிட்டார். பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டே வழக்கம்போலப் பேசினார்கள். யார் வீட்டுப் பானை ஓட்டை, யார் ஊற்றில் முந்திக்கொள்கிறாள், யாருக்குக் குடம் தூக்கி இடுப்பு போயிற்று என்று எல்லாம் வந்தது. கை வேலையாக இருக்கும்போது, கண் கீழே இருக்கும்போது, வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அவர் ஒரு மணி நேரம் அசையாமல் கேட்டார். போகும்போது என்னிடம் மெதுவாக, இவர்கள் ஊரையே தைத்துக் காட்டுவார்களா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை.

அப்படித்தான் அந்தத் துணி ஆரம்பித்தது. சங்கத்தில் கொஞ்சம் காடாத்துணி இருந்தது. இரண்டு அகலத்தை இணைத்துத் தரையில் விரித்தோம், இரண்டு பாய் அளவுக்கு வந்தது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலிருந்து ஒரு பழந்துணி கொண்டுவந்து, சதுரமாக வெட்டி, தன் வீடு இருக்கிற இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும். பிறகு தன் வாசலிலிருந்து தண்ணீர் எடுக்கப் போகிற வழியை நூலால் ஓட வேண்டும். பத்துக் காலடிக்கு ஒரு தையல். காலையில் குடத்தோடு போகும்போது அடியை எண்ணிக்கொண்டு வந்து, மத்தியானம் அதற்கேற்ற தையல் போட வேண்டும்.

எண்ணுவதில் பெரிய கலாட்டா. வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும், மறுநாள் திரும்ப எண்ண வேண்டும். இரண்டு நாள் குப்பத்தில் விடியற்காலையில் சண்டையே இல்லை என்று அக்கா சொன்னாள். எல்லார் வாயிலும் எண்கள்தான். காலி குடத்தோடு எண்ணியவளுக்கும் நிறைகுடத்தோடு எண்ணியவளுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. குடம் நிறைந்தால் அடி சின்னதாகிவிடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போகிற வழியைக் காலிக் குடத்தோடு மட்டும் எண்ணுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

வீட்டுத் துணிகளைப் பார்த்தே இது இன்னார் வீடு என்று சொல்லிவிடலாம். மூன்றாம் நாள் ஒருவர் வெறும் துண்டோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய நீலக் கட்டம் போட்ட கைலி துணியின் நடுவில் சதுரமாகத் தைக்கப்பட்டிருந்தது.

“என் கைலியக் கிழிச்சி வூடு கட்டிகினு கீறியா?” என்றார் மனைவியிடம்.

“நீதான வூடு கட்டித் தரேன்னு சொல்லிகினே கீற. அதான் நானே கட்டிகினேன்” என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் போனபிறகும் வெகுநேரம் சிரிப்பு அடங்கவில்லை.

என்னையும் விடவில்லை. டீச்சர் வழி எங்கே என்று கேட்டார்கள். பஸ் ரோட்டிலிருந்து சங்கம் வரை என் வழியையும் தைத்தேன். தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத ஒரே வழி அதுதான். இருந்தாலும் அந்த ஊரின் துணியில் நானும் இருந்தேன். அன்றைக்குச் செங்கல்பட்டு திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

நூல் குறைவாக இருந்ததால் ஆளுக்கு நாலு முழம் வெட்டிக் கொடுத்திருந்தேன். எல்லாருக்கும் அது போதும் போதும் என்று இருந்தது. அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊசியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் சண்டை வருமாம். வேலையை நிறுத்துகிறவள் நிறுத்திய இடத்திலேயே ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் போவாள், வேண்டியவள் எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் மாலை துணியை மடிக்கும்போது பார்த்தேன். சவுக்குத்தோப்பு என்று பச்சையாகப் புள்ளி போட்டிருந்த இடத்தின் நடுவில் ஒரு ஊசி நூல் இல்லாமல் குத்தியிருந்தது. அது சுவரோரத்துக்காரியின் ஊசி. நாலு முழமும் தீர்ந்திருந்தது. அவள் வழி பாதிகூட முடியவில்லை. இன்னும் நூல் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் நானாகவே இன்னும் எட்டு முழம் வெட்டி அவள் பக்கத்தில் வைத்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“இன்னா அண்ணி, நீ செங்கல்பட்டு ஏரிக்கா போய்த் தண்ணி மொள்ற?”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே சுவரோரத்துக்காரி தைத்திருந்த நூலை விரலால் தொடர்ந்து போனாள். கடலோரத்து வீட்டிலிருந்து கிளம்பிய சிவப்பு நூல் மற்ற நூல்களைப் போல வடக்கே திரும்பித் தெருவைத் தாண்டவில்லை. வீடுகளுக்குப் பின்னால் மேற்கே போய், தெரு முடிகிற இடத்தையும் தாண்டி, தோப்புக்குள் நுழைந்திருந்தது. அங்கிருந்து ஒரு பெரிய சுற்றுச் சுற்றினால்தான் ஊற்றுக்கு வர முடியும். அக்காவின் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது. எழுதுறம்மா ஏன் என்று கேட்டார். அது அப்படித்தாம்மா என்று யாரோ சொன்னார்கள். பேச்சு வேறு பக்கம் போனது.

பஸ் ரோடு வரை என்னோடு நடந்து வந்து அக்காதான் விளக்கினாள். விடியும் நேரம்தான் ஆம்பிளைகள் அந்தத் தெரு வழியாகக் கடலுக்கு இறங்குகிற நேரம். இறங்கும்போது புருஷன் இல்லாதவள் எதிரே வந்தால் ஆகாது என்று பேச்சு. யாரும் அவளிடம் வராதே என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு வலையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாராம். மறுநாளிலிருந்து அவள் சுற்றிப் போக ஆரம்பித்தாள். எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனா இம்மாந் தூரம்னு தெரியாது என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவளுடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

சுவரோரத்துக்காரி மீதியையும் தைத்து முடித்தபோது எண்ணினோம். மற்றவர்களைப்போல மூன்று மடங்கு. கோயில் வாசல் என்பது அந்தத் தெருவின் மேலேயேதான். அங்கே போரிங் வந்தால் ஊற்றை யாரும் தோண்டிச் சுத்தம் செய்யமாட்டார்கள், அது தூர்ந்துவிடும். இவளுக்கு விடிகிற நேரத்துத் தண்ணீரே இல்லாமல் போகும். எழுதுறம்மா அவளிடம் தனியாக, இதை எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். எழுதுறம்மா எழுதவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இன்ஜினீயர் வருகிற நாள் காலையில், அவருக்குக் காட்டத் துணியை எடுக்கும்போது நான் அவளிடம் கேட்டேன். அந்த ஓரத்தை மட்டும் உள்ளே மடித்துவிடட்டுமா, தோப்புப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவள் துணியின் ஓரத்தைத் தடவிக் கொடுத்தாள்.

“இருக்கட்டும் டீச்சர். மடிச்சா கசங்கும்” என்றாள்.

கோயில் பக்கத்து மணலில்தான் கூட்டம். காற்றில் துணி பறந்தது, நாலு மூலையிலும் மணல் அள்ளிப் போட்டோம். இன்ஜினீயர் சின்ன வயசுக்காரர். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். நாங்கள் நாலு பக்கமும் உட்கார்ந்து தைத்ததில் பாதி வீடுகள் தலைகீழாக இருந்தன. பஞ்சாயத்துப் பெரியவரும் மற்ற ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தவர், நூலும் கையுமாக அப்படியே வந்திருந்தார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கேட்டார்.

“கடலு எங்க கீது?”

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். கோயில் இருந்தது. தோப்பு இருந்தது. ஊற்று, உப்புக்கடை, நாய் படுக்கிற திண்டு, என் பஸ் ரோடு எல்லாம் இருந்தது. இத்தனை நாள் குனிந்து தைத்ததில் கடலை யாரும் தைக்கவில்லை. தண்ணீருக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்தா நடக்கிறார்கள்.

“கடலு இல்லாம இன்னா ஊரு இது” என்று ஆம்பிளைகள் பக்கம் ஒரே கேலி.

“அது எங்க போவும்? திரும்பிப் பாரு மாமா, அங்கயேதான் கீது” என்றாள் அக்கா.

பெரியவர் சிரித்துக்கொண்டே தோளில் இருந்த துண்டை எடுத்து உதறித் துணியின் கிழக்கு ஓரத்தில் நீளமாகப் போட்டார். இது கடல் என்றார். உடனே ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஊர் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் குந்தி உட்கார்ந்து தங்கள் வீட்டைத் தேடினார்கள். கைலிக்காரர் தன் கைலியைக் கண்டுபிடித்தார். பெரியவர் கையிலிருந்த வலை நூலை அறுத்து, தெருவின் மேற்குக் கோடியிலிருந்து துண்டு வரை நேராகப் போட்டார். “இது நாங்க எறங்கற வழி” என்றார், விட்டுப்போனதைச் சேர்த்த திருப்தியோடு.

அப்போதுதான் அது தெரிந்தது. எல்லா வீட்டு நூலும் அந்த வலை நூலைத் தாண்டித்தான் ஊற்றுக்குப் போயின. ஒரே ஒரு சிவப்பு நூல் மட்டும் அதைத் தொடவே இல்லை. அதன் கோடி வரை பக்கத்திலேயே போய், கோடியைத் தாண்டி, வளைத்துக்கொண்டு போயிருந்தது. பெரியவர் அதன்மேல் விரலை வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். விரல் ஒரு காவிக் கட்டம் போட்ட சதுரத்தில் வந்து நின்றது.

“இது தம்பி சட்டையாச்சே” என்றார்.

அவள் புருஷன் அவருக்குச் சித்தப்பா மகன். நான் மூலையில் இன்னும் கொஞ்சம் மணல் அள்ளிப் போட்டேன். எழுதுறம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றவளைத் தேடிப் பார்த்தார்.

“ஏம்மா, இம்மாஞ் சுத்தியா போற?”

“நீங்கல்லாம் எறங்கற நேரம் மாமா அது” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொன்னதுபோலச் சொன்னாள்.

பெரியவர் குந்தியபடியே அந்த வலை நூலை எடுத்து விரலில் மெதுவாகச் சுற்றினார். எழுந்து, தெருவுக்குத் தெற்கே தோப்பு ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டி, அங்கே போட முடியுமா என்று இன்ஜினீயரைக் கேட்டார். கோயில் வாசல் என்று முடிவாச்சே என்றார் ஒருவர். முடிவு பண்ணது நாமதான என்றார் பெரியவர். இன்ஜினீயருக்கு நடந்தது எதுவும் விளங்கியிருக்காது. கடலைவிட்டு எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ அவ்வளவுக்குத் தண்ணீர் உப்புக் கரிக்காது, நானே அதைத்தான் சொல்ல நினைத்தேன் என்றார். எல்லாருக்கும் அது வசதியாகப் போயிற்று. உப்புக்காகத்தான் இடம் மாறியது என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்வார்கள்.

அந்த வழக்கம் அன்றோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. விடிகிற நேரத்தில் அவள் அந்தத் தெருவை அதற்குப் பிறகும் தாண்டியதில்லை. தாண்ட வேண்டிய வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். எழுதுறம்மா துணியைப் பட்டணத்துக்குக் கேட்டார். பெண்கள் கொடுக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது மறக்காமல் கடலையும் வரைந்துகொண்டார்.

மழைக்கு முன்னால் போரிங் வந்தது. அதன் சத்தம் சங்கம் வரை கேட்கும். ஒரு மத்தியானம் அவள் வந்து பெட்டியிலிருந்து துணியை எடுத்து விரித்தாள். தன் சிவப்பு நூலை ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அறுந்துவிடாமல் பிரிக்க நேரம் பிடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று கேட்கவில்லை. பழைய வழி இருந்த இடத்தில் ஊசி ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பிறகு அதே நூலைக் கோத்து, காவிக் கட்டத்திலிருந்து தோப்போரம் வரைக்கும் புது வழியைத் தைத்தாள். சீக்கிரமே முடிந்துவிட்டது. முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து, கையில் இருந்த மீதியை ஒரு காகிதத்துண்டில் சுற்றி என் முன்னால் வைத்தாள்.

“மீதி கீது டீச்சர்” என்றாள்.

சுவரைப் பிடிக்காமல் எழுந்து, வெளியில் வைத்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.